நடக்காத ஒரு கேட்ச்

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. அமெரிக்காவுக்குப் போனதும் இல்லை. ஆனாலும், மனிதன் நிலவில் இறங்கிய அந்த வருடத்தின் கோடை முழுவதும், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு சமையலறை மேசையில் உட்கார்ந்து, வியட்நாமில் இருந்த ஒரு சிப்பாய்க்குப் பேஸ்பால் ஆட்டங்களைக் கடிதமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதங்களில் ஒன்றில், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் அந்த ஒன்றிலிருந்து என்னை விடுவிக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், திரும்பத் திரும்ப வளைக்கப்படும் உலோகம் எந்த நேரத்தில் முறியும் என்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெஸ்ஸுங்கன் பகுதியில் ஒரு விதவையின் வீட்டில் கீழ்த்தளத்து அறை எனக்கு. அந்த அம்மாள் எனக்கு இன்னும் கிடைக்காத பட்டத்தை முன்கூட்டியே கொடுத்து, "ஹெர் டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார். மாடியில் அவருடைய மகளும் மருமகனும் இருந்தார்கள். மகள் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். மருமகன் அமெரிக்கன், நகரத்தின் தெற்கே இருந்த படைமுகாமில் லாரி பழுதுபார்ப்பவன். இருபத்திரண்டு வயது. நியூயார்க்காரன்.

அவன் என்னை "புரொபசர்" என்பான். நான் கிரிக்கெட் தெரிந்த ஊர்க்காரன் என்று அறிந்த அன்றே என்னைப் பிடித்து உட்காரவைத்து, உப்பு ஜாடி, கடுகுக் குப்பி, இரண்டு முட்டைக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பேஸ்பாலை விளக்கினான். பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கப் படை வானொலி தெளிவாகக் கேட்கும். அங்கே பிற்பகலில் நடக்கும் ஆட்டம் இங்கே மாலையில் வரும். சமையலறை ரேடியோவின் பக்கத்தில் நாங்கள் இருவரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அவனுடைய மாமியார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "இது எப்போது முடியும்?" என்று கேட்பார்.

"தெரியாது, அம்மா. அதுதான் இதில் அழகு" என்பான் அவன்.

அவனுடைய அணி நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி. தொடங்கிய நாளிலிருந்து தோற்பதற்கே பேர்போனது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. அவனுடைய அப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அரங்கத்தின் மேல்தட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அந்தத் தோல்விகளைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வருடம்தான் அந்த அணி ஜெயிக்க ஆரம்பித்தது. அந்த வருடம்தான் அவனுக்கு வியட்நாம் உத்தரவும் வந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை என் அறைக்கு வந்தான்.

"புரொபசர், எனக்காக ஒன்று செய்வாயா? ஆட்டங்களை எழுதி அனுப்பு."

"அங்கேயும் வானொலி இருக்குமே? பத்திரிகையும் வருமே?"

"நான் போகிற இடத்தில் என்ன இருக்கும் என்று தெரியாது. பத்திரிகை வந்தாலும் அதில் எண்கள்தான் இருக்கும். எனக்கு எண் வேண்டாம். பந்து எங்கே போனது, யார் ஓடினான், எப்படி ஓடினான், அதை எழுது. அவளுக்கு இந்த ஆட்டம் புரியாது. உனக்குப் புரியும்."

அவன் மனைவி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. என் கையைக் குலுக்கினான். குலுக்கிய கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

நான் எழுதினேன். நேரடியாகக் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். கேட்க முடியாத ஆட்டங்களைக் காலைச் செய்திகளிலிருந்தும் அவள் முகாமிலிருந்து வாங்கி வரும் சிப்பாய்களின் நாளிதழிலிருந்தும் எடுத்து எழுதினேன். அவள் என் கடிதத்தைத் தன் கடிதத்தோடு முகாமுக்குக் கொண்டுபோய்ப் படைத் தபாலில் போடுவாள். இரண்டு வாரத்தில் பதில் வரும். சிவப்புத் தூசி படிந்த காகிதம். நன்றாக எழுதுகிறாய், இங்கே சத்தமாகப் படித்துக்காட்டுகிறேன், இன்னும் நீளமாக எழுது என்பான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய அணியின் ஆட்டம் மாலையில் நேரடியாக ஒலிபரப்பாவதாக அறிவித்திருந்தார்கள். அன்று மதியம் என் நண்பர் ஒருவரின் அறைக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவரும் என்னைப் போல ஆராய்ச்சியாளர், திருநெல்வேலிக்காரர். ஊரிலிருந்து பார்சல் வந்திருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு ரசப்பொடியின் வாசனை. சாப்பிட்டுவிட்டு வூக் ஏரியில் குளித்தோம். புல்வெளியில் படுத்தோம். ஆறு மணியானதும் நான் எழுந்தேன்.

"எங்கவே கிளம்பிட்டீரு?"

"மேட்ச் கேக்கணும். அந்தப் பையனுக்கு எழுதணும்."

"இரும்வே. ரிசல்ட் நாளைக்கு பேப்பர்ல வந்திரும்லா. வெயிலே இப்பதான் இதமா இருக்கு."

நான் மறுபடியும் படுத்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம். ஆய்வகத்தில் வேலை இருந்தது, ரேடியோ பழுதாகிவிட்டது என்று பிற்காலத்தில் எனக்கு நானே சில காரணங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. புல் மெத்தென்று இருந்தது, படுத்துவிட்டேன்.

மறுநாள் நாளிதழில் அந்த அணி ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்ததாக இருந்தது. எண்கள் மட்டும்தான். அவன் கேட்காத எண்கள். "உன் ஆட்டத்தை நான் கேட்கவில்லை" என்று அந்தப் பையனுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை உயரமாக அடித்தான், நடுமைதானத்தில் நின்றவன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினான், சுவரருகே கையை நீட்டினான், பந்து கையுறையின் நுனியில் சிக்கியது, பாதி உள்ளே பாதி வெளியே, வெள்ளையாகத் தெரிந்தது என்று எழுதினேன். திருச்சியில் கல்லூரி ஆட்டம் ஒன்றில் எல்லைக்கோட்டருகே அப்படி ஓடியவன் நான். எனக்கு அந்தப் பந்து கையிலிருந்து நழுவிவிட்டது. கடிதத்தில் நழுவவில்லை.

பதில் வழக்கத்தைவிட சீக்கிரம் வந்தது. நான்கு பக்கம். அந்தக் கேட்சை மூன்று முறை எல்லோருக்கும் படித்துக்காட்டினானாம். ஒருவன் தலைக்கவசத்தைக் கையுறையாக வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினானாம். "அப்பா அங்கேதான் இருந்திருப்பார். அவருக்கும் எழுதிக் கேட்கிறேன்" என்று முடித்திருந்தான்.

இந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். மகன் கேட்டால் அப்பா உண்மையைச் சொல்லத்தானே செய்வார்? உடனே உண்மையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

செப்டம்பரில், அவனுடைய அணி முதலிடத்துக்காகச் சிகாகோ அணியோடு மோதியபோது, மைதானத்துக்குள் ஒரு கறுப்புப் பூனை புகுந்தது. எங்கிருந்து வந்ததோ, சிகாகோ ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் முன்னால் அங்கும் இங்கும் நடந்து, அவர்களையே உற்றுப் பார்த்துவிட்டுப் போயிற்றாம். காலைச் செய்தியில் இதைச் சொன்ன அறிவிப்பாளருக்கே சிரிப்பு அடங்கவில்லை. நான் உற்சாகமாக எழுதினேன். இதில் ஒரு சொல்கூட என் சொந்தக் கற்பனை இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. சின்னக் கடிதம்.

"பூனைக் கதையை இங்கே யாரும் நம்பவில்லை. நானும்தான். கேட்ச் போதும், புரொபசர், பூனை வேண்டாம். கேட்சைப் பற்றி அப்பாவும் எழுதியிருக்கிறார். அவர் கண்ணால் பார்த்தாராம். நீங்கள் இருவரும் ஒரே ஆட்டத்தைத்தானே சொல்கிறீர்கள்?"

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் மேசையில் உட்கார்ந்து புனைந்ததை, கடலுக்கு அப்பால் ஒரு மனிதர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்று உண்மையிலேயே அப்படி ஒரு கேட்ச் நடந்துவிட்டதோ? அப்படியே இருந்தாலும், நான் எழுதியது எப்படி? வீட்டில் யாரும் இல்லை. ரேடியோவைப் போட்டேன். பிறகு அணைத்தேன்.

அந்த மாதம் அவனுடைய அணி இறுதிப் போட்டிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மாலை. அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரணிக்காரன் ஒருவன் பந்தை உயரமாக அடித்தான். நடுமைதானத்தில் நின்றவன் சுவரை நோக்கி ஓடுகிறான் என்று வர்ணனையாளர் கத்தினார். ஓடுகிறான், ஓடுகிறான், கையை நீட்டுகிறான், பிடித்துவிட்டான். பந்து கையுறையின் நுனியில் சிக்கியிருக்கிறது, வெள்ளையாக வெளியே தெரிகிறது என்றார்.

நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

"என்ன ஆயிற்று? தோற்றுவிட்டார்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை. நல்ல கேட்ச்" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. அன்று வலப்பக்கம் நின்றவன் முன்னால் பாய்ந்து, உடம்பு முழுவதும் தரையோடு நீண்டு, புல்லில் விழுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது பந்தைப் பிடித்தான். வியாழக்கிழமை அவனுடைய அணி ஜெயித்து, உலகின் முதல் அணி ஆயிற்று. மக்கள் மைதானத்துக்குள் இறங்கிப் புல்லைப் பிய்த்துக்கொண்டு ஓடுவதாக வானொலி சொன்னது. மாமியார்கூடக் கைதட்டினார். அன்று மாலையே உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் நான் எழுதிய கேட்ச் பொய், அன்று நான் ஆட்டத்தைக் கேட்கவே இல்லை, பூனை மட்டும் சத்தியமாக உண்மை, ஆனால் அந்தக் கேட்ச் இந்தச் செவ்வாய்க்கிழமை நிஜமாகவே நடந்துவிட்டது, ஆகவே இனி நீ அதை நம்பலாம் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அந்தக் கடிதத்தை முகாமுக்குக் கொண்டுபோய்த் தபாலில் போட்டாள். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் இரண்டு அதிகாரிகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவன் திங்கள்கிழமையே போய்விட்டான். நாங்கள் அந்த மூன்று மாலைகளும் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து அவனுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது அவன் இல்லை.

என் கடிதம் அந்தக் குளிர்காலத்தில் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. பெறுநர் இறந்தது உறுதி செய்யப்பட்டது என்று மேலே முத்திரை. அதை என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஜனவரியில் பெண்குழந்தை பிறந்தது. நான் பட்டம் வாங்கி, அதே ஊரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறையை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால் வாடகை குறைவு என்பேன். உண்மையில் அந்த ரேடியோவை விட்டுப் போக முடியவில்லை. யாரும் கேட்காதபோதும் அது ஓடும். காலில் அடிபட்ட கூடைப்பந்து வீரன் ஒருவன் கடைசி ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே மைதானத்துக்குள் வந்தான். அரங்கமே எழுந்து நின்றது என்று கேட்டபோது என் கை காகிதத்தைத் தேடிற்று. பூகம்பத்தில் சிக்கிய மக்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன பேஸ்பால் வீரன் விமானத்தோடு கடலில் விழுந்தான் என்று ஒரு புத்தாண்டில் செய்தி வந்தபோதும் மனதுக்குள் முதல் வரியை எழுதிவிட்டேன். அட்லாண்டாவில் ஒரு கறுப்பின வீரர், யாராலும் முறியடிக்க முடியாது என்று சொல்லப்பட்ட சாதனையை முறியடித்த காலையில், "பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போயிற்று" என்று உண்மையிலேயே எழுதிவிட்டு, யாருக்கு எழுதுகிறேன் என்று பார்த்தேன். யாரோ மேசைக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அந்த வருடம் கோடையில் அவனுடைய அப்பா நான்கு வயதுப் பேத்தியைப் பார்க்க வந்தார். அவன் அம்மாவுக்கு விமானம் என்றால் பயம், அதனால் தனியாக வந்தார். நெடிய மனிதர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாட்கள் பேத்தியோடு விளையாடினார். நான்காம் நாள் மாலை, குழந்தை தூங்கப் போன பிறகு, சமையலறையில் என்னிடம் சொன்னார்.

"கடைசி ஆட்டத்துக்கு என்னிடம் டிக்கெட் இருந்தது. புறப்படுகிற நேரத்தில் வாசலில் இரண்டு அதிகாரிகள் வந்து நின்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி இதுவரை நான் எதுவும் படிக்கவில்லை, யாரையும் பேசவிடவும் இல்லை. நீ அவனுக்கு எழுதியதாக மருமகள் சொன்னாள். இப்போது எனக்குப் படித்துக்காட்டுவாயா?"

நான் கடிதத்தை எடுத்து வந்தேன். பக்கத்தில் இருந்த அவளே கத்தியால் உறையைப் பிரித்தாள். நான் படித்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு, சில இடங்களில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். எட்டுப் பக்கம் முடிந்தது. ஒன்பதாவது பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"இன்னும் ஒரு தாள் இருக்கிறதே" என்றார்.

படித்தேன். தலை நிமிராமல் படித்தேன். முடித்த பிறகும் நிமிரவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அன்று நான் அரங்கத்தில்தான் இருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் பையன் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தான். அவ்வளவு தூரத்தில் இருக்கிறான், இல்லை என்று எப்படிச் சொல்வது? நானும் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன்."

"எப்படி எழுதினீர்கள்?"

"அவன் ஒரு பெரிய கேட்ச் என்றுதான் கேட்டிருந்தான். விவரம் சொல்லவில்லை. வலப்பக்கம் நின்றவன் முன்னால் பாய்ந்து, வயிறு புல்லில் உரச விழுந்து பிடித்தான் என்று எழுதினேன்."

அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். "நீங்கள், நடுமைதானத்தில் நின்றவன் சுவரை நோக்கி ஓடினான் என்று எழுதினீர்கள்" என்று என்னிடம் சொன்னாள். "அவனிடம் இரண்டு கடிதமும் இருந்தன."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமை ஆட்டத்துக்குப் போயிருந்தேன். வலப்பக்கம் நின்றவன் பாய்ந்து விழுந்தான். சுற்றிலும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் பொய்யாக எழுதியது கண்முன்னே நடந்தது. மறுநாள் அந்த இருவரும் வந்தபோது, எனக்கு முன்பே தெரிந்துவிட்டது போல இருந்தது."

செவ்வாய்க்கிழமை நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்ததை அவரிடம் சொல்லவில்லை. என் அறைக்குப் போய் அவனுடைய கடைசிக் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியையே படித்தார். நீங்கள் இருவரும் ஒரே ஆட்டத்தைத்தானே சொல்கிறீர்கள்.

"அவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

"தெரிந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பான்" என்றாள் அவள். "இந்த மாதிரி விஷயத்தை என்னிடம் சொல்லாமல் இருக்க மாட்டான்."

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது, சமையலறை மேசையில் அவனுடைய கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவள் கண்கள் சிவந்திருந்தன. "எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை" என்றாள். "குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எழுதியிருக்கிறான். குளிர்கிறதா, சாப்பிடுகிறாயா. அவ்வளவுதான்." பிறகு மாமனாரின் பக்கம் திரும்பி, இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். கஸ்ஸல் நகரத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். இதைச் சொல்லத்தான் அவரை வரச்சொன்னாளாம். மூன்று நாட்களாகச் சொல்ல முடியவில்லையாம். அவர் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். "நல்லவரா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

ரயில் நிலையத்துக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி வருவதற்கு முன்னால், அந்தக் கடைசிக் கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். மறுப்பதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகக் கையசைத்தார். பிறகு ஒருமுறை வாழ்த்து அட்டை வந்தது. அதன் பிறகு அவருடைய மனைவியிடமிருந்து, அவர் இறந்துவிட்டதாக ஒரு சின்னக் குறிப்பு வந்தது.

அவள் கஸ்ஸலுக்குப் போன பிறகு நானும் அந்த வீட்டைக் காலி செய்தேன். அவனுடைய அந்தக் கடைசிக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. அதன் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. அவன் பேனாவை அழுத்தி எழுதும் கையெழுத்தும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த வரியின் முடிவில் அவன் தெரியாமல் கேட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தானா, தெரிந்தே புள்ளி வைத்திருந்தானா என்பது மட்டும் எத்தனை முறை கண்ணை மூடிப் பார்த்தாலும் தெரியவில்லை. சில நாட்களில் கேள்விக்குறி தெரிகிறது. அன்று தூங்கிவிடுகிறேன்.